ஒரு வீரர், இரண்டு கோச்: அமெரிக்கக் கல்லூரியில் இரட்டை விளையாட்டு எங்கே சிக்குகிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று, வசந்தத்தில் ஒன்று என்று விளையாட்டை மாற்றி மாற்றி ஆடுவது வழக்கம். பதினொன்றாம் வகுப்பு வாக்கில்தான் வீட்டில் அந்தக் கேள்வி எழுகிறது: கல்லூரியிலும் இரண்டையும் தொடர முடியுமா? விதிப்புத்தகத்தைப் பார்த்தால் விடை ஒரே சொல்தான். முடியும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஒருவர் இத்தனை விளையாட்டுதான் ஆடலாம் என்று எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வில் ஜாக்கி ராபின்சன் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் என நான்கு ஆடினார். ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் போ ஜாக்சன் மூன்று ஆடினார்.

இருந்தும் பள்ளியில் இரண்டு ஆடியவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு விளையாட்டுகளின் போட்டிகள் ஒரே நாளில் மோதிக்கொள்வதால்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். போட்டிகள் மோதுவது அபூர்வம். மோதல் நடப்பது பருவம் அல்லாத மாதங்களில், எந்தத் தொலைக்காட்சியும் காட்டாத பயிற்சிகளில்.

ஒரு எச்சரிக்கை. 'எங்கள் கல்லூரியில் இத்தனை பேர் பல விளையாட்டு ஆடுகிறார்கள்' என்று யாராவது எண்ணிக்கை சொன்னால், அதில் நீண்ட தூர ஓட்டக்காரர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் மூன்றும் என்.சி.ஏ.ஏ. கணக்கில் தனித்தனி விளையாட்டுகள். ஒரே கோச்சிடம் ஆண்டு முழுதும் ஓடும் பிள்ளை மூன்று விளையாட்டு வீரராகப் பதிவாகிவிடும். இந்தக் கட்டுரை பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. இரண்டு கோச், இரண்டு அணி, இரண்டு விதமான உடல் தேவை உள்ளவர்களைப் பற்றி.

நாட்காட்டியைப் படிக்கும் விதம்

முதல் தரமான டிவிஷன் ஒன்றில், பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் கோச் பயிற்சி வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. பருவம் இல்லாத காலத்தில் இது வாரத்துக்கு 8 மணி நேரம். காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் போட்டி நடக்கும் நாள், எவ்வளவு நேரம் நீண்டாலும் 3 மணி நேரமாகத்தான் எண்ணப்படும். பேருந்து, விமானப் பயணம் கணக்கில் வராது. காயத்துக்கான சிகிச்சை வராது. 'தானாக விரும்பி' ஜிம்முக்கு வருவது வராது. வராதவர் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு விளையாட்டுக்கே உண்மையான நேரம் 20-ஐத் தாண்டிவிடுகிறது.

அமெரிக்கக் கால்பந்தையும் (இனி வெறும் 'கால்பந்து' என்றால் இதுதான்) பேஸ்பாலையும் எடுத்துக்கொள்வோம். கால்பந்து முகாம் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். வழக்கமான பருவம் நவம்பர் கடைசி வரை. அணி நன்றாக ஆடினால் டிசம்பர், ஜனவரி வரை இழுக்கும். 12 அணிகள் மோதும் பிளேஆஃப் 2024 பருவத்தில் வந்தபிறகு இறுதிப் போட்டி ஜனவரி 20 வரை போயிற்று. பேஸ்பால் பிப்ரவரி நடுவில் தொடங்கி மே வரை 56 ஆட்டங்கள். தகுதி பெற்றால் ஜூனில் ஒமாஹா நகரில் தேசிய இறுதித் தொடர். போட்டிகள் எங்கும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை. பார்த்தால் பொருத்தமான ஜோடி போலிருக்கும்.

சிக்கல் மார்ச், ஏப்ரலில் இருக்கிறது. கால்பந்து கோச்சுக்கு வசந்தகாலத்தில் 15 பயிற்சி அமர்வுகள் அனுமதி. அடுத்த ஆண்டு யார் முதல் வரிசை, யார் பெஞ்ச் என்பது பெரும்பாலும் அந்த 15 நாளில் முடிவாகிறது. அதே வாரங்களில் பேஸ்பால் அணிக்கு வார நடுவில் ஓர் ஆட்டம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று ஆட்டங்கள். அந்த வார இறுதி வெளியூரில் என்றால் வியாழனே கிளம்ப வேண்டும். ஆக, கால்பந்துப் பயிற்சியில் பாதிக்கு மேல் போய்விடும். மறுபக்கம் பேஸ்பாலின் இலையுதிர் காலப் பயிற்சி ஆட்டங்களில்தான் அந்த அணியின் இடங்கள் தீர்மானமாகின்றன. அப்போது இவர் கால்பந்து மைதானத்தில் இருப்பார். இரண்டு அணியிலும், தேர்வு நடக்கிற நேரத்தில் ஆளைக் காணோம்.

இதைத் தாங்கக்கூடியவர் யார் என்றால், ஏற்கெனவே இடம் உறுதியானவர். அல்லது ஆள் அடிக்கடி மாறாத ஆட்ட நிலையில் ஆடுபவர். பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் நிலைமைதான் மோசம். அணியின் ஆட்டத் திட்டமே அவரைச் சுற்றி இருப்பதால் அவர் வசந்தத்தில் இல்லாவிட்டால் கோச்சுக்குத் தூக்கம் வராது. ரஸ்ஸல் வில்சன் நார்த் கரோலினா ஸ்டேட்டில் இரண்டும் ஆடினார். 2010-இல் தொழில்முறை பேஸ்பால் அணியான கொலராடோ ராக்கீஸ், ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வின் நான்காம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுக்க, கோடையில் கீழ்நிலை லீக்கில் ஆடப் போனார். 2011 ஏப்ரலில் கால்பந்து கோச் டாம் ஓ'பிரையன் அவரை அணியிலிருந்து விடுவித்தார். மூன்று ஆண்டுகள் முதல் வரிசையில் ஆடிய குவார்ட்டர்பேக்குக்கே நடந்தது இது. வில்சன் அதற்குள் பட்டம் முடித்திருந்ததால் விஸ்கான்சினுக்கு மாறி அதே ஆண்டு ஆட முடிந்தது; முடிக்காமல் இருந்திருந்தால் அன்றைய விதிப்படி ஓராண்டு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கால்பந்தும் கூடைப்பந்தும் வேறு வகை. நவம்பர், டிசம்பரில் போட்டிகளே நேரடியாக மோதுகின்றன. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சார்லி வார்டு 1993-இல் கால்பந்தின் உயர்ந்த விருதான ஹெய்ஸ்மனை வென்றவர். கால்பந்து முடிந்தபிறகே கூடைப்பந்து அணியில் சேர்ந்துகொள்வார். 1994-இல் தொழில்முறை கூடைப்பந்து அணியான நியூயார்க் நிக்ஸ் அவரை முதல் சுற்றில் எடுத்தது. கூடைப்பந்து கோச் சீசனின் முதல் மாதத்தை விட்டுக்கொடுத்ததால்தான் அது நடந்தது. எல்லாக் கோச்சும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆன்டோனியோ கேட்ஸ் இரண்டும் ஆடும் எண்ணத்தோடு மிச்சிகன் ஸ்டேட் போனார். கால்பந்து கோச் நிக் சேபன் கால்பந்தில் மட்டும் கவனம் செலுத்தச் சொன்னதும் அங்கிருந்து விலகி, கடைசியில் கென்ட் ஸ்டேட்டில் கூடைப்பந்து மட்டும் ஆடினார்.

எளிதில் ஒட்டும் ஜோடிகளும் உண்டு. கால்பந்தில் வேகமாக ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவரும் தடகளத்தில் குறுந்தூர ஓட்டமும் பழைய கூட்டணி. தடகளத்தில் பயிற்சி தனிநபர் சார்ந்தது. ஒரு போட்டிக்குப் போகாவிட்டால் அணி குலைந்துவிடாது. கால்பந்தில் முன்வரிசையில் நிற்கும் பருத்த லைன்மேன்கள் குண்டு எறிவது, பெண்களில் கைப்பந்தும் கடற்கரைக் கைப்பந்தும், நீச்சலும் வாட்டர் போலோவும் இதே ரகம்.

ஸ்காலர்ஷிப் யார் கணக்கில்?

இங்கே 2025-இல் நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது. அதற்கு முந்தைய கணக்கை முதலில் பார்க்க வேண்டும். டிவிஷன் ஒன்றின் மேல்மட்டக் கால்பந்து அணிக்கு 85 முழு ஸ்காலர்ஷிப். பேஸ்பாலுக்கு வெறும் 11.7, அதைத் துண்டு துண்டாக இருபது இருபத்தைந்து பேருக்குப் பங்கிட வேண்டும். கால்பந்து கோச்சுகள் தங்கள் ஆட்களைத் தடகள ஸ்காலர்ஷிப்பில் ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்காக என்.சி.ஏ.ஏ. ஒரு விதி வைத்திருந்தது: கால்பந்தும் வேறொன்றும் ஆடி விளையாட்டு உதவித்தொகை வாங்கினால், அவர் கால்பந்துக் கணக்கில்தான் சேர்வார். அதன் பக்கவிளைவு சுவையானது. கால்பந்து ஸ்காலர்ஷிப்பில் இருக்கும் ஒரு நல்ல அவுட்ஃபீல்டர் (மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிப்பவர்) பேஸ்பால் கோச்சுக்கு ஒரு பைசா செலவில்லாமல் கிடைத்தார். இலையுதிர் காலம் முழுக்க வராவிட்டாலும் அவர் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, வீரர்களுக்கான பணம் பற்றி அவர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசம் இந்தக் கணக்கை உடைத்தது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு இல்லை. பதிலாக அணிப் பட்டியலுக்கு உச்சவரம்பு. கால்பந்தில் 105, பேஸ்பாலில் 34, ஆண்கள் கூடைப்பந்தில் 15, சாஃப்ட்பாலில் 25, பெண்கள் கைப்பந்தில் 18. பணம் இருந்தால் 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். ஆக, கால்பந்து வீரர் 'இலவசம்' என்ற சலுகை பேஸ்பால் கோச்சுக்கு இனி பெரிய சலுகை இல்லை. அவருக்கு இப்போது தட்டுப்பாடு பணத்தில் இல்லை, இடத்தில். 34 இடத்தில் ஒன்றை, பாதி ஆண்டு காணாமல் போகும் ஒருவருக்குக் கொடுப்பதா என்று யோசிப்பார். ஸ்காலர்ஷிப் இல்லாமல் முயற்சி செய்து அணிக்குள் நுழையும் வாக்-ஆன் வாசலும் இதனால் குறுகிவிட்டது. இரண்டாவது விளையாட்டுக்குள் பலரும் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

சமரசத்தில் சேராத டிவிஷன் ஒன்று கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே பழைய வரம்புகள் தொடர்கின்றன. எனவே பேசத் தொடங்கும் முன் அந்தக் கல்லூரி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வது அவசியம். சேர்ந்த கல்லூரி, வீரருக்கு நேரடியாகப் பணப் பங்கு தருவதாக ஒப்பந்தம் நீட்டினால், வேறு விளையாட்டில் இறங்க அனுமதி தேவை என்றோ, அங்கே காயம்பட்டால் பணம் குறையும் என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் படிக்க வேண்டும்.

ஐந்தாண்டுக் கடிகாரம்

டிவிஷன் ஒன்றில் நெடுங்காலமாக இருந்துவரும் கணக்கு: ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு விளையாட்டில் நான்கு பருவம். இதைத் தளர்த்தும் பேச்சும் வழக்குகளும் நடந்தபடி இருக்கின்றன. கல்லூரியில் சேரும் ஆண்டில் என்ன நிலை என்பதைச் சரிபார்க்க வேண்டும். இரட்டை வீரருக்கு முக்கியமான நுணுக்கம் என்னவென்றால், பருவங்கள் விளையாட்டு வாரியாகத் தனித்தனியே எண்ணப்படும், கடிகாரம் ஒன்றே ஒன்று. முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் அது ஓடத் தொடங்கும்; எல்லா விளையாட்டுக்கும் சேர்த்தே ஓடும்.

இதை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. டியூக்கில் நான்கு ஆண்டு கூடைப்பந்து ஆடி முடித்த கிரெக் பாலஸ், ஐந்தாம் ஆண்டு மிச்சமிருந்ததால் 2009-இல் சிரக்யூஸில் குவார்ட்டர்பேக்காக ஆடினார். ஒரு விளையாட்டில் ஓராண்டு போட்டியில் இறங்காமல் ஒதுங்கி, அந்தப் பருவத்தைச் சேமிப்பதை ரெட்ஷர்ட் என்பார்கள். அதே ஆண்டு மற்ற விளையாட்டில் ஆடத் தடையில்லை. யு.சி.எல்.ஏ.வின் ஜாக்கி ஜாய்னர் 1984 ஒலிம்பிக்குக்காகக் கூடைப்பந்தில் இப்படி ஒதுங்கித் தடகளத்தில் முழுமூச்சாக இறங்கினார். ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் வெள்ளி கிடைத்தது.

தொழில்முறை பற்றிய குழப்பமும் இங்கேதான் வருகிறது. ஒரு விளையாட்டில் சம்பளம் வாங்கினால் அந்த விளையாட்டில்தான் கல்லூரித் தகுதி போகும்; வேறொன்றில் ஆடலாம். டேனி எய்ஞ்ச் டொராண்டோ புளூ ஜேஸுக்கு பேஸ்பால் ஆடிக்கொண்டே பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடினார். கிறிஸ் வெய்ன்கி ஆறு ஆண்டு கீழ்நிலை பேஸ்பாலில் கழித்துவிட்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வந்து, 28 வயதில், 2000-ஆம் ஆண்டின் ஹெய்ஸ்மனை வென்றார். கைலர் மர்ரி 2018 ஜூனில் ஓக்லண்ட் ஏ'ஸ் பேஸ்பால் அணியின் முதல் சுற்றுத் தேர்வு. சுமார் 46.6 லட்சம் டாலர் போனஸுக்குக் கையெழுத்திட்டுவிட்டு ஒக்லஹாமாவில் கால்பந்து ஆடி ஹெய்ஸ்மன் வென்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பேஸ்பாலை விட்டு, ஏப்ரலில் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாகப் போனார்.

ஆனால் சம்பளம் வேறு, விளம்பரப் பணம் வேறு என்று அன்றைய விதி பிரித்தது. ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீரர் ஜெரமி புளூம் கொலராடோவில் கால்பந்து ஆடினார். பனிச்சறுக்குக்கு வேண்டிய செலவை விளம்பரதாரர் பணத்தில் சமாளித்தார். 2004-இல் அவரைத் தகுதியற்றவர் என்றார்கள், நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. பேஸ்பால்காரனுக்குச் சம்பளம் சரி, பனிச்சறுக்குக்காரனுக்கு விளம்பரம் தப்பு என்ற அந்தத் தர்க்கம் அப்போதே யாருக்கும் விளங்கவில்லை. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானதும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருப்பவர்களுக்கு மட்டும் அது இன்னும் எளிதல்ல. வேலை செய்யும் உரிமையை விசா கட்டுப்படுத்துகிறது.

96-க்கும் 120-க்கும் நடுவே

இரட்டை வீரர்கள் சத்தமில்லாமல் விழும் இடம் பாடக்கணக்கு. முழுநேர மாணவராக இருக்க ஒரு செமஸ்டருக்கு 12 க்ரெடிட், அதாவது பாட அலகு, வேண்டும். பட்டத்துக்குச் சாதாரணமாக 120. எட்டு செமஸ்டர் என்றால் சராசரி 15. ஒற்றை விளையாட்டு வீரர் ஆட்டப் பருவத்தில் 12, ஓய்ந்த பருவத்தில் 16 என்று சமன் செய்துகொள்வார். இரண்டு ஆடுபவருக்கு ஓய்ந்த பருவமே இல்லை. எட்டு முறையும் 12 எடுத்தால் 96, 24 குறைகிறது.

தகுதி விதி இன்னும் நெருக்கும். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 முடிந்திருக்க வேண்டும். 120-இல் அது 48, 72, 96. அதாவது செமஸ்டருக்கு 12 எடுப்பவர் ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறார். ஒரு 3 க்ரெடிட் பாடத்தில் தோற்றாலும், பாதியில் பாடத்துறையை மாற்றி பழைய பாடங்கள் புதிய பட்டத்தில் செல்லாமல் போனாலும், கோட்டுக்கு வெளியே. அப்போது போவது இரண்டு விளையாட்டும்தான். கோடைக்கால வகுப்பில் ஆண்டுக்கு 6 க்ரெடிட் எடுப்பதுதான் நடைமுறையில் உள்ள தீர்வு. நான்கு கோடையில் 24. அந்தக் கட்டணத்தை எந்த அணி ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். பொறியியல், நர்சிங் போல மதிய லேபும் வெளிப்பயிற்சியும் உள்ள படிப்புகளில் இது பெரும்பாலும் தாங்காது.

உடம்பு சொல்வது

இரண்டு விளையாட்டு ஆடினால் ஒரே தசைக்கு ஓயாத வேலை குறையும் என்பது பள்ளி வயதுக்குப் பொருந்தும் வாதம். கல்லூரியில் அது பாதிதான் உண்மை, ஏனென்றால் இரண்டு பருவத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆறு எட்டு வார அடித்தளப் பயிற்சி காணாமல் போகிறது. டிசம்பர் வரை கால்பந்து ஆடிவிட்டு ஜனவரியில் உள்ளரங்க ஓட்டத்துக்கு வருபவர், வேகத்துக்கான முன்தயாரிப்பு இல்லாமல் முழு வேகத்தில் ஓடுவார். தொடையின் பின்தசை கிழிவது அங்கேதான். எடையும் இழுபறி. கால்பந்து கோச் ஐந்து கிலோ ஏற்றச் சொல்வார், தடகளக் கோச் இறக்கச் சொல்வார். குவார்ட்டர்பேக் பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சராகவும் இருந்தால் தோள்பட்டைக்கு ஆண்டில் ஒரு மாதம்கூட விடுப்பு கிடைக்காது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களைப் பல அணிகள் அவுட்ஃபீல்டில் நிறுத்தும், அல்லது குறைந்த பந்து வீசும் கடைசி இன்னிங்ஸ் ஆளாக வைக்கும்.

ஒரு பக்கக் காயம் மறுபக்கத்தைக் காலி செய்வதற்கு ஓரிகனின் டெவன் ஆலன் சாட்சி. 2014-இல் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் கல்லூரி சாம்பியன். 2015 ஜனவரி 1, ரோஸ் பௌல் கால்பந்துப் போட்டியின் முதல் கிக்காஃபிலேயே முழங்கால் போயிற்று. அந்த ஆண்டுத் தடகளப் பருவம் முழுக்க வெளியே. 2016-இல் மீண்டு வந்து ரியோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பிடித்தார்.

இரண்டு கோச்சுகளைவிட முக்கியமான ஆள் உடற்பயிற்சி கோச். இரண்டு அணிக்கும் ஒரே உடற்பயிற்சி கோச், ஒரே பயிற்சித் தாள் என்றால் பிழைக்கலாம். இரண்டு பேர் தனித்தனியே ஸ்குவாட் போடச் சொன்னால் ஒரே வாரத்தில் கால் இரண்டு முறை தேய்கிறது.

எங்கே, எப்படிக் கேட்பது

பிள்ளைக்கு இரண்டும் உண்மையிலேயே வேண்டும் என்றால் டிவிஷன் மூன்று கல்லூரிகளைத் தயங்காமல் முதலில் வையுங்கள். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது; ஆகவே எந்தக் கோச்சும் 'நான் பணம் கொடுக்கிறேன்' என்று உரிமை கோர முடியாது. பருவம் அல்லாத காலத்தில் கோச் நடத்தும் பயிற்சியும் மிகக் குறைவு. ஃபீல்டு ஹாக்கியும் லக்ராஸும், சாக்கரும் தடகளமும் என்று ஆடுபவர்களை அங்கே சாதாரணமாகக் காணலாம். டிவிஷன் ஒன்றிலேயே ஐவி லீக்கிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் பயிற்சியின் கடுமை குறையாது.

டிவிஷன் ஒன்றில் முயல்வதானால் எந்த விளையாட்டு 'வீடு' என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். உதவித்தொகை தருவது அந்தக் கோச். அவரிடம் ஆசையை மறைத்துவிட்டுச் சேர்ந்தபின் சொல்வதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. கோச்சுகள் பள்ளி மாணவரிடம் பேச அனுமதிக்கப்பட்ட தேதி விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். பலவற்றில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15. அந்த முதல் பேச்சிலேயே கேட்டுவிடலாம். 'இரண்டும் ஆடலாமா?' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்றுதான் வரும். அதைவிட, வசந்தப் பயிற்சி 15-இல் எத்தனைக்கு வராமல் இருக்கலாம், பிப்ரவரியில் ஜிம் நேரம் யாருடையது, மற்ற விளையாட்டில் காயம்பட்டால் அடுத்த ஆண்டு உதவித்தொகை நிற்குமா, கடந்த ஐந்தாண்டில் உங்கள் அணியில் இரண்டும் ஆடியவர் யார், அவரிடம் பேசலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால் மற்ற பதில்களை நம்ப வேண்டியதில்லை.

பலருக்கு ஒத்துவரும் வரிசை இது: முதல் ஆண்டு ஒன்றே ஒன்று, 15 க்ரெடிட்டோடு. இரண்டாவது விளையாட்டின் கோச்சோடு தொடர்பு மட்டும். இரண்டாம் ஆண்டு, க்ரெடிட் 30-ஐத் தாண்டியிருந்தால், இரண்டாவதில் இறங்குவது. ஒப்புக்கொண்டதை இரண்டு கோச்சுக்கும் தடகளத் துறையின் விதிமுறை அலுவலருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவைப்பது. சட்டப்படி அது யாரையும் கட்டாது. ஆனால் கல்லூரிக் கோச்சுகள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள். புதிதாக வருபவர் கையில் முதல் நாளே அந்த மின்னஞ்சலைக் கொடுக்கலாம். அவர் மறுத்தால், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழி உண்டு, ஆனால் அதில் மாறுவது வீரர் முழுதாக. புதிய கல்லூரியில் இரண்டாவது கோச்சைத் தேடிப் பேசும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.